தாலியம் ஸ்கேன்: கேட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்



போன மாதம் எனக்கு இதயத்தில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கு முதல் நாள் என் மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "அப்பாவுக்கு நாளைக்கு நியூக்ளியர் ஸ்கேன், வேண்டிக்கோங்க" என்று ஒரு வரி போட்டுவிட்டாள். அன்று ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போன் ஓயவில்லை.

பொன்னேரி மச்சினர், "மாமா, உடம்புக்குள்ள கதிரியக்க மருந்து ஏத்துவாங்களாமே, இந்த வயசுல அது தேவையா?" என்றார். காசிமேட்டில் போட் வைத்திருக்கும் என் பழைய மாணவன், "சார், அந்த ஊசி போட்டா முடி கொட்டிடுமா சார்?" என்று கேட்டான். (கொட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன்.) தண்டையார்பேட்டை அக்காவோ, "இனிமே பேரப்பிள்ளையைத் தூக்கவே கூடாதாம்டா" என்று அழுதே விட்டார்.

அவரவருக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முப்பத்து நான்கு வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவனிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும்.

முதலில், ஏன் எடுக்க வேண்டி வந்தது என்று சொல்கிறேன்.

ஐப்பசி மாதத்தில் இருந்தே திருவொற்றியூர் ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறும்போது நெஞ்சில் ஒரு பிடிப்பு. கூடவே மூச்சு வாங்கும். நின்றால் சரியாகிவிடும். நம் பக்கத்தில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் முதலில் காற்றைச் சொல்வோம், அடுத்தது வயதைச் சொல்வோம். இதயத்தைக் கடைசியில்தான் நினைப்போம். எனக்குச் சர்க்கரை பதினான்கு வருஷமாக இருக்கிறது. அதனால் வீட்டம்மா விடவில்லை, டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டார்.

ஈசிஜி சரியாக இருந்தது. எக்கோவும் சரி. சிடி ஆஞ்சியோகிராமில்தான் ஒரு ரத்தக்குழாயில் சுமார் 60 சதவீத அடைப்பு தெரிந்தது. ஓர் இடத்தில், "இந்த வாரமே ஸ்டென்ட் வைத்துவிடலாம்" என்றார்கள். மருமகன் கடன் விண்ணப்பத்தையே நிரப்ப ஆரம்பித்துவிட்டார். வீடு இரண்டாகப் பிரிந்தது. மகள் உடனே வைக்க வேண்டும் என்றாள். வீட்டம்மா, "இன்னொருத்தரைக் கேட்டுட்டு வைக்கலாம்" என்றார். அந்த இன்னொரு டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "சார், குழாய் குறுகியிருக்குன்னு தெரியுது. அதனால இதயத் தசைக்கு ரத்தம் குறையுதான்னு தெரியல. அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்."

இந்த இரண்டு வரி புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. புரியாதவர்களுக்கு நம் தெருத் தண்ணீரை வைத்தே சொல்கிறேன்.

தெருவில் நிலத்தடியில் மெட்ரோ வாட்டர் குழாய் ஓடுகிறது. அதில் ஓர் இடத்தில் துரு பிடித்துக் குறுகிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசி வீட்டில் அடி பம்ப்பை அடித்தால் தண்ணீர் வரும், குறை தெரியாது. காலை ஆறு மணிக்குத் தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் அடிக்கும்போதுதான் கடைசி வீட்டுக் குடம் நிரம்புகிறதா, காற்றுதான் வருகிறதா என்பது தெரியும். குழாயைத் தோண்டி "60 சதவீதம் குறுகியிருக்கிறது" என்று அளப்பது ஒரு கேள்விக்குப் பதில். காலை ஆறு மணிக்குக் கடைசிக் குடம் நிரம்புகிறதா என்பது வேறு கேள்வி. குடும்பம் நடத்துகிறவளுக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இதயமும் அப்படித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது குழாய் பெரும்பகுதி அடைத்திருந்தால்கூட ரத்தம் போதுமான அளவு போய்விடும். படி ஏறும்போது, ஓடும்போது, கோபப்படும்போது தசை மூன்று நான்கு மடங்கு ரத்தம் கேட்கும். அப்போதுதான் பற்றாக்குறை வெளியே வரும். 60 சதவீதம் என்பது நடுவாந்தர அளவு. சிலருக்கு அது பற்றாக்குறையை உண்டாக்கும், சிலருக்கு உண்டாக்காது. அடைப்பின் நீளம், இடம், பக்கத்துக் குழாய்களின் உதவி என்று பல விஷயங்கள் இதில் இருக்கின்றன.

மற்ற பரிசோதனைகள் எதைப் பார்க்கின்றன என்றும் சொல்லிவிடுகிறேன். ஈசிஜி இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்கிறது. எக்கோ ஒலி அலையை அனுப்பித் திரும்பி வருவதை வைத்துப் படம் போடுகிறது. காசிமேட்டு மாணவர்களே, உங்கள் போட்டில் இருக்கும் ஃபிஷ் ஃபைண்டரும் அதே தத்துவம்தான். ஆஞ்சியோகிராம் குழாயைப் பார்க்கிறது. இந்த நியூக்ளியர் ஸ்கேன் குடம் நிரம்புகிறதா என்று பார்க்கிறது.

எப்படிப் பார்க்கிறது?

மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளைக் கைநரம்பில் ஊசியாகப் போடுகிறார்கள். அது ரத்தத்தோடு போய் இதயத் தசைக்குள் ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் அதிகம் போகும் இடத்தில் அதிகம் ஒட்டும், குறைவாகப் போகும் இடத்தில் குறைவாக ஒட்டும். ஒட்டிய இடத்திலிருந்து காமாக் கதிர் வெளியே வரும். நெஞ்சைச் சுற்றி வரும் ஒரு கேமரா அந்தக் கதிர்களை எண்ணிப் படமாக்குகிறது. பிரகாசமாகத் தெரியும் இடத்துக்கு ரத்தம் போகிறது, மங்கலாகத் தெரியும் இடத்துக்குப் போதவில்லை.

எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் வெல்டிங் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு 'ஆர்டி' எடுப்பது தெரியும். பைப்பின் ஒரு பக்கம் இரிடியம் சோர்ஸ், மறுபக்கம் ஃபிலிம். கதிர் ஊடுருவி வந்து வெல்டிங்கில் ஓட்டை இருந்தால் காட்டிக்கொடுக்கும். அங்கே கதிர் வெளியிலிருந்து உள்ளே போகிறது. இங்கே சோர்ஸ் உள்ளே இருக்கிறது, கதிர் வெளியே வருகிறது. வித்தியாசம் இன்னொன்றும் உண்டு. உங்கள் இரிடியம் பாதியாகக் குறைய 74 நாள் ஆகும். என் உடம்பில் போட்டது 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

இந்த யோசனை எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு சுவையான கதை உண்டு. ஜார்ஜ் ஹெவெசி என்று ஹங்கேரியிலிருந்து வந்த ஓர் இளைஞர், 1911 வாக்கில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். (அணுக்கரு மாடல் ரூதர்ஃபோர்டுதான். பத்தாம் வகுப்பில் படம் வரைந்தீர்களே.) தங்கியிருந்த விடுதியில் மீந்துபோன இறைச்சியையே மறுநாள் வேறு பதார்த்தமாக்கிப் போடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். விடுதிக்கார அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. இவர் ஒருநாள் தட்டில் மீந்ததில் துளி கதிரியக்கப் பொருளைத் தூவிவிட்டார். இரண்டொரு நாள் கழித்து வந்த பதார்த்தத்தில் கருவியை வைத்துப் பார்த்தால் கதிரியக்கம் இருக்கிறது! இப்படித்தான் அந்தக் கதையைச் சொல்வார்கள். மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்த என் மாணவர்களுக்கு இந்தத் துப்பறியும் வேலையின் அருமை புரியும். ஒரு பொருளுக்கு அடையாளம் வைத்து அனுப்பினால் அது எங்கே போகிறது என்று பின்தொடரலாம் என்பதுதான் யோசனை. இந்த வழிமுறைக்காக அவருக்கு 1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

1920களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஹெர்மன் ப்ளம்கார்ட் என்ற டாக்டர் அதை மனித ரத்த ஓட்டத்துக்குப் பயன்படுத்தினார். ஒரு கையில் கதிரியக்கப் பொருளை ஊசியாகப் போட்டு, மறு கைக்கு எத்தனை விநாடியில் வருகிறது என்று அளந்தார். ஆரோக்கியமானவர்களுக்குச் சராசரி சுமார் 18 விநாடி. இதயம் பலவீனமானவர்களுக்கு அதிக நேரம் ஆனது. இன்றைய இதய ஸ்கேனுக்கெல்லாம் தாத்தா அதுதான்.

1970களில் தாலியம்-201 வந்தது. தாலியம் உடம்புக்குள் பொட்டாசியம் மாதிரி நடந்துகொள்ளும். அதனால் உயிருள்ள இதயத் தசை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பெயர்தான் இன்னும் ஜனங்கள் வாயில் "தாலியம் ஸ்கேன்" என்று ஓடுகிறது. இப்போது பெரும்பாலும் போடுவது டெக்னீஷியம்-99எம். எனக்கும் அதுதான்.

டெக்னீஷியத்தை நினைவிருக்கிறதா? தனிம வரிசை அட்டவணையில் 43-ஆம் எண். மெண்டலீவ் காலத்திலிருந்து அந்த இடம் காலியாகவே கிடந்தது. 1937-இல் இத்தாலியில் பெரியரும் செக்ரேயும் கண்டுபிடித்தார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. காலியாகக் கிடந்த ஒரு கட்டத்தை நிரப்பிய தனிமம், இன்றைக்கு என் நெஞ்சுக்குள் போய் விளக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறது. நாற்பத்து மூன்றாம் எண்ணை மனப்பாடம் செய்யச் சொன்னபோது "இது எதுக்கு சார் உதவும்?" என்று கேட்ட கடைசி பெஞ்சுக்காரர்கள் கவனிக்கவும்.

சரி, ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளை எப்படிச் சேமித்து வைப்பது? முடியாது. அதனால் அதன் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99-ஐத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதன் அரை ஆயுட்காலம் 66 மணி நேரம். அணு உலையில் தயாராவது. நம் நாட்டில் மும்பை டிராம்பேயில் அணு உலைகள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் ஐசோடோப்புகளை மருந்தாக்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவதற்கென்றே 'பிரிட்' என்று ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்தும் மாலிப்டினம் வருகிறது. ஈயக் கவசம் போட்ட சின்னப் பெட்டிக்குள் மாலிப்டினம் இருக்கும். அது சிதைந்து டெக்னீஷியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு டெக்னீஷியத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் திரும்ப ஊறியிருக்கும். அந்தத் துறைக்காரர்கள் அதைப் "பசு" என்றும், எடுப்பதைப் "பால் கறப்பது" என்றும் சொல்வார்கள். ஒரு வாரத்தில் பசு வற்றிவிடும், புதுப்பசு வரவேண்டும். 2009-இல் கனடாவில் ஒரு பழைய அணு உலையை ஓராண்டுக்கு மேல் மூட வேண்டி வந்தபோது, உலகம் முழுக்க இந்த ஸ்கேனுக்குத் தட்டுப்பாடு வந்தது.

இப்போது மச்சினரின் கேள்விக்கு வருகிறேன். ஆபத்தா?

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் பயப்படுவதை நான் கேலி செய்ய மாட்டேன். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் அமோனியா கசிந்த அந்த நடு ராத்திரி, பெரியகுப்பம் சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை மறக்க முடியுமா? நம்மைக் கேட்காமல், அளவு சொல்லாமல் வருவதைப் பார்த்துப் பயப்படத்தான் வேண்டும். இந்த ஊசி அப்படி வருவது இல்லை. எவ்வளவு, எதற்கு, யாருக்கு என்று அளந்து எழுதி, நம் கையெழுத்து வாங்கித்தான் போடுகிறார்கள்.

அளவையும் சொல்கிறேன். மண், பாறை, காற்று, வானம், சாப்பாடு இவற்றிலிருந்து உலகத்தில் ஒரு மனிதனுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் கதிர் இயற்கையாகவே வந்துகொண்டிருக்கிறது. இந்த ஸ்கேனில் முழுக்கச் சேர்த்துச் சுமார் 10 மில்லிசீவெர்ட். ஏறக்குறைய நான்கு வருஷத்து இயற்கைக் கதிர். ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் முன்னாலேயே சொல்லியாக வேண்டும். அறுபத்தாறு வயதில், நெஞ்சுப் பிடிப்போடு, ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டியிருக்கும்போது அந்த அளவு நியாயமானது.

அக்காவுக்கு ஒரு கணக்கு. 6 மணி நேரத்தில் பாதி, 12-இல் கால், 18-இல் அரைக்கால், 24-இல் பதினாறில் ஒன்று. இதற்கு மேல் சிறுநீரிலும் மலத்திலும் வேறு வெளியேறிவிடும். அதனால் அன்று ஒரு நாள் மட்டும் கைக்குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் பேரன் என் தோளில்தான் தூங்கினான். முடியும் கொட்டவில்லை.

அன்றைய நாள் எப்படிப் போனது?

எனக்குப் பெரிய கஷ்டம் முதல் நாளே ஆரம்பித்தது. 24 மணி நேரம் டீ, காப்பி கூடாது. ராயபுரத்தில் பிறந்தவனுக்கு டீ கூடாது என்றால் என்ன அர்த்தம்! ஆனால் காரணம் கேட்டதும் அடங்கிவிட்டேன். முழங்கால் வலியால் டிரெட்மில்லில் என்னால் ஓட முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு அடினோசின் என்ற மருந்தை ஏற்றி, இதயக் குழாய்களை விரியச் செய்வார்கள். நல்ல குழாய் நன்றாக விரியும், அடைத்த குழாய் விரியாது. வித்தியாசம் படத்தில் தெரிந்துவிடும். காப்பியிலும் டீயிலும் உள்ள கஃபீன் இந்த அடினோசின் போய் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். (டீ குடித்தால் தூக்கம் வராததும் இதனால்தான்.) ஒரு டம்ளர் டீயால் பரிசோதனையே வீணாகலாம்.

காலையில் ஓய்வாக இருக்கும்போது ஓர் ஊசி. ஒரு மணி நேரம் கழித்துப் படம். நடுவில் பாலும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொடுத்தார்கள். மருந்து கல்லீரலிலும் பித்தப்பையிலும் தேங்கி நின்றால் பக்கத்தில் உள்ள இதயப் படத்தை மறைக்குமாம். கொழுப்புச் சாப்பாடு பித்தப்பையைச் சுருங்க வைத்து அதை நகர்த்திவிடும். டாக்டரே வெண்ணெய் சாப்பிடச் சொன்ன ஒரே நாள் அது.

பிறகு அடினோசின். ஆறு நிமிஷம் ஏற்றினார்கள், மூன்றாவது நிமிஷத்தில் இரண்டாவது டெக்னீஷியம் ஊசி. முகம் சூடாகி, நெஞ்சில் ஒரு பாரம், கழுத்தில் இறுக்கம். பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் பொண்ணு, "நிறுத்தின உடனே போயிடும் ஐயா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே போய்விட்டது. அந்த மருந்தின் ஆயுள் விநாடிக் கணக்குதான். மறுபடி படம். கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இருபது நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் போனவன் மத்தியானம் இரண்டரைக்கு வெளியே வந்தேன். முதல் வேலை, டீ.

படத்தை எப்படிப் படிப்பார்கள் என்று டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். ஓய்விலும் பிரகாசம், அழுத்தத்திலும் பிரகாசம் என்றால் ரத்தம் போதுமானது. ஓய்வில் பிரகாசம், அழுத்தத்தில் மங்கல் என்றால் தசை உயிரோடு இருக்கிறது, ஆனால் வேலை நேரத்தில் பட்டினி கிடக்கிறது. இரண்டிலும் மங்கல் என்றால் அந்த இடம் பெரும்பாலும் பழைய மாரடைப்பில் இறந்துபோன தசை.

எனக்கு ஒரு சின்ன இடத்தில் மட்டும் அழுத்தத்தில் லேசான மங்கல். மற்றதெல்லாம் பிரகாசம். இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியேற்றும் அளவு 58 சதவீதம், அதுவும் சரி. "இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம். மாத்திரை, நடை, சர்க்கரைக் கட்டுப்பாடு" என்றார். மாத்திரைக்கு அந்தப் பிடிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. மருமகனின் கடன் விண்ணப்பம் பேரன் கையில் கப்பலாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, "சார் ஸ்டென்ட் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். என்னோடு வேலை பார்த்த பி.டி. மாஸ்டருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் முன்பக்கம் பெரிய பகுதி அழுத்தத்தில் மங்கிவிட்டது. எனக்கு இருந்ததைவிட அவருக்கு வலி குறைவு. பைபாஸ் செய்தார்கள், இப்போது காலையில் என்னைவிட வேகமாக நடக்கிறார். ஸ்கேன் எனக்கு ஒரு பதில் சொன்னது, அவருக்கு வேறு பதில் சொன்னது. அதற்காகத்தானே எடுப்பது.

பெரிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்த 'இஸ்கீமியா' ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. நிலையாக இருக்கும் நோயாளிகளில், உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், முதலில் மாத்திரையோடு இருந்தவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி அடிக்கடி வந்தவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் அதிக நிம்மதி தந்தது. இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. திடீர் மாரடைப்புக்கும் இது பொருந்தாது.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. மூன்று குழாயும் ஒரே அளவு அடைத்திருந்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கி, சரியாக இருப்பதுபோல ஏமாற்றலாம். இன்றைக்கு நன்றாக வந்த ஸ்கேன், ஐந்து வருஷம் பீடி பிடிக்க அனுமதிச் சீட்டும் ஆகாது.

கடைசியாக, நம் ஆட்கள் நினைவில் வைக்க வேண்டியது நான்கு.

1. நடந்தால் வந்து நின்றால் போகும் நெஞ்சுப் பிடிப்பு, மூச்சு வாங்கல், தாடை வலி, இடது கை வலி இருந்தால் தூசி, வாயு என்று தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். நம் காற்றில் உள்ள நுண்தூசி நுரையீரலோடு நிற்பதில்லை, இதயத்துக்கும் கெடுதல்.

2. சும்மா இருக்கும்போதே வலி வந்து நிற்காமல், வியர்த்துக் கொட்டினால் எந்த ஸ்கேனையும் யோசிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. இழுப்பு, ஆஸ்துமா இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லுங்கள். அடினோசின் அவர்களுக்கு ஆகாது, வேறு மருந்து வைத்திருக்கிறார்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். எதை நிறுத்துவது என்று அவர்கள் சொல்லட்டும்.

4. ஸ்கேன் முடிந்த ஒன்றிரண்டு நாளில் விமானம் ஏறுவதானாலோ, கதிரியக்கம் கண்டறியும் கருவி உள்ள துறைமுக கேட் வழியாக வேலைக்குப் போவதானாலோ ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருவி கத்தினால் காட்டலாம்.

அடைப்பு எத்தனை சதவீதம் என்று டாக்டர் சொன்னால் பயந்து உட்கார்ந்துவிடாமல், "அதனால தசைக்கு ரத்தம் குறையுதா டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வகுப்பில் கேள்வி கேட்டவனை நான் என்றைக்காவது திட்டியிருக்கிறேனா?

எல்லோரும் நலமாக இருங்கள். நாற்பது வயது தாண்டிய என் மாணவர்கள் இந்த மாதத்துக்குள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, எவ்வளவு என்று எனக்கு எழுத வேண்டும். இது வீட்டுப்பாடம்.